திதி கொடுக்கும் பிள்ளை

மாசி மாதம் வந்தால் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி தவறாமல் இடம்பெறும். திருவண்ணாமலை அண்ணாமலையார் தன் தந்தை வல்லாள மகாராஜனுக்குத் திதி கொடுக்கப் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளுகிறார் என்பது செய்தி. நாலு வரி, பக்கத்தில் ஒரு படம், அவ்வளவுதான். அடியும் முடியும் காண முடியாமல் அனலாக நின்றவர், தாய் தகப்பன் இல்லாதவர் என்று புராணம் சொல்லும் சாமிக்கு ஒரு தகப்பனார் இருக்கிறார். அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சாமி ஆற்றங்கரைக்குப் போகிறார். வருடா வருடம் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிய செய்திதான். தத்துப் போன பிள்ளைகள், பெற்றவர்களைத் தேடி அலைந்து எழுதிய புத்தகங்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாசியில் அது என்னைப் பிடித்து நிறுத்தியது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தப் புத்தகங்களில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது சாரூ பிரையர்லி எழுதியது. மத்தியப் பிரதேசத்துக் காண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுப் பையன், நின்றிருந்த ரயிலில் ஏறித் தூங்கிவிடுகிறான். ரயில் அவனைக் கொல்கத்தாவில் கொண்டுபோய் இறக்குகிறது. தெருவிலும் பிறகு இல்லத்திலும் இருந்தவனை 1987-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு தம்பதி தத்தெடுக்கிறார்கள். சொந்த ஊரின் பெயரையே அவன் தப்பாகத்தான் நினைவில் வைத்திருந்தான். வளர்ந்த பிறகு, ஹௌராவிலிருந்து பிரியும் தண்டவாளங்களைக் கூகுள் எர்த்தில் ராத்திரி ராத்திரியாகத் தொடர்ந்து போய், 2011-இல் ஊரைக் கண்டுபிடித்து, 2012-இல் அம்மாவின் எதிரே போய் நின்றான். 2013-இல் புத்தகம் வந்தது. 2016-இல் ‘லயன்’ என்று படமானது.

ஆஷா மிரோவின் கதை அவ்வளவு பேர் அறியாதது. மகாராஷ்டிரத்தில் பிறந்து, மும்பைக் கன்னியர் மடம் ஒன்றிலிருந்து 1974-இல் ஸ்பெயினின் பார்சிலோனாவுக்குத் தத்துப் போனவர். வளர்ந்த பின் இந்தியா வந்து, மடத்துச் சகோதரிகள் சொன்னதைக் கேட்டு, அதையே தன் பிறப்பின் கதையாக நம்பிப் போனார். 2003-இல் மறுபடி வந்தபோது, முதலில் கேட்டதில் பல சரியில்லை என்பதும், உடன்பிறந்த அக்கா ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்பதும் தெரிந்தது. ஒரே பிறப்புக்கு இரண்டு கதை. முதல் கதையைச் சொன்னவர்கள் பொய் சொல்ல நினைத்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

இந்த வகைப் புத்தகங்களை வாசிக்கிறவர்கள் கடைசியில் வரும் அந்தச் சந்திப்புக்காகத்தான் வாசிக்கிறார்கள். எனக்கு ஏனோ அதற்கு முந்தைய கேள்வியிலேயே கால் சிக்கிக்கொண்டது. ஒரு மனிதன் தன் தாயைத் தேட வேண்டிய நிலை எப்படி வருகிறது? பிள்ளையைக் கொடுப்பதும் எடுப்பதும் நம்மிடம் காலங்காலமாக நடப்பது. அதில் தேடல் எங்கிருந்து நுழைந்தது?

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் பேருந்து போகிறது. செஞ்சியின் கோட்டை மலைகள் பாறை மேல் பாறையாக ஏறி நிற்கும். அதைத் தாண்டிக் கீழ்பெண்ணாத்தூர் நெருங்கும்போது எதிரில் ஒற்றை மலை எழும்பிவிடும். 2,668 அடி உயரம். பேருந்தில் தூங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட விழித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்து இருக்கை அம்மாள் தூங்கும் பேத்தியின் கையை எடுத்துத் தானே கும்பிடவைத்தார்.

கோயிலுக்குள் கிழக்கு ராஜகோபுரம் வழியாகத்தான் எல்லாரும் நுழைகிறார்கள். 217 அடி; கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூட்டம் உள்ளே நகர்ந்துவிடும். நான் தேடிப் போனது அதற்கு உள்ளே, அடுத்த பிராகாரத்துக்குப் போகும் வல்லாள கோபுரத்தை. அங்கே தூணில் கைகூப்பி நிற்கிறார் வல்லாள மகாராஜா. திருநீறு பூசிப் பூசி முகம் மழுங்கியிருக்கிறது. வரிசையில் போகிறவர்கள் அவரையும் ஒரு சாமியாக நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஊர் சொல்லும் கதை இது. வல்லாளனுக்கு மல்லம்மா, சல்லம்மா என்று இரண்டு ராணிகள், பிள்ளை இல்லை. கேட்டவர்க்கு இல்லை என்னாத ராஜா. சிவன் சங்கமத் துறவி வேடத்தில் வந்து, இன்றிரவு தனக்கு ஒரு தாசி வேண்டும் என்கிறார். ராஜா வாக்குக் கொடுத்துவிடுகிறான். ஆனால் அன்றைக்கென்று ஊரில் ஒருத்தியும் கிடைக்கவில்லை. வாக்குத் தவறிவிடுமே என்று தவிக்கிற ராஜாவைப் பார்த்து, இளையவள் சல்லம்மா தானே போகிறாள். துறவியைத் தொட்டதும் அவர் பச்சைக் குழந்தையாகி அழுகிறார். ராஜா ஓடி வந்து தூக்குகிறான். கை நிறைந்த குழந்தை மறைகிறது. பிறகு தரிசனம் தந்த சிவன், உனக்கு மகனாக இருந்து நானே உன் காரியங்களைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைத்தான் மாசி மகத்தில் நிறைவேற்றுகிறார்கள். அதற்கு முன்பே தை மாதத்தில், தீர்த்தவாரி முடிந்து சாமி திரும்பும் வழியில் ராஜா இறந்த சேதியைச் சொல்வார்கள். அங்கேயே மேளம் நின்றுவிடும். துக்கக்காரராகச் சாமி கோயிலுக்குத் திரும்புவார்.

வரலாற்றில் இந்த வல்லாளன் ஹொய்சள அரசன் மூன்றாம் வீரவல்லாளன். தில்லிப் படையெடுப்புகளுக்குப் பின் தலைநகர் துவாரசமுத்திரம் சிதைய, திருவண்ணாமலையைத் தளமாக்கிக்கொண்டு மதுரை சுல்தான்களோடு மோதியவன். எண்பது வயதில், 1342-ஐ ஒட்டி, கண்ணனூர்ப் போரில் பிடிபட்டான். அவனைக் கொன்று தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள் என்றும், அதைத் தானே பார்த்ததாகவும் இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். அவனுக்குப் பிள்ளை இல்லை என்பதும் கதைதான். அவனுக்குப் பின் மகன் பட்டத்துக்கு வந்திருக்கிறான். ஆனால் மதிலில் தொங்கிய உடலுக்கு எந்த மகன் கொள்ளி வைத்திருக்க முடியும்? காரியம் நடக்காத சாவு அது. ஊர் அந்தக் குறையைத் தாங்க முடியாமல், தன் சாமியையே அவனுக்குப் பிள்ளையாகக் கொடுத்து ஈடு செய்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பள்ளிகொண்டாப்பட்டு ஊருக்கு வெளியே, கௌதம நதிக் கரையில் இருக்கிறது. சாமி வருவதற்கு வெகு முன்பே மணலில் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. சாமி தன் தகப்பனுக்குத் திதி கொடுக்கும் அன்று, அவரோடு சேர்ந்து தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். வாழை இலை, பச்சரிசி மாவு, எள், தர்ப்பை. நாதஸ்வரம் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். மீதிப் பேர் பிண்டத்தை உருட்டிக்கொண்டே தலையை மட்டும் நிமிர்த்திக் கும்பிட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். பேச்சில் விவசாயி என்று தெரிந்தது. யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எங்கப்பாவுக்கு சார். சொந்தத்துல எனக்குப் பெரியப்பா ஆவணும். அவருக்குப் புள்ள இல்ல. மூணு வயசுல என்னத் தூக்கிக் குடுத்துட்டாங்க. பெத்தவருக்கு எங்கண்ணன் குடுப்பாரு, இவருக்கு நான்.”

“பெத்த அம்மாவைப் பாக்கணும்னு தோணாதா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எதிர் வூடுதான சார்.”

அந்தப் பதிலில் என் கேள்விக்குப் பாதி விடை இருந்தது. நம் பழைய தத்து ஊரறிய நடந்தது. பெற்றவர்கள் சபையில் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும், எடுப்பவர்கள் கைநீட்டி வாங்க வேண்டும். சாஸ்திரம் கேட்ட அந்தக் கொடுக்கல் வாங்கலை 1956-இன் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டது. கையில் கொடுத்து வாங்காத தத்து அதன்படி செல்லாது. தஞ்சை துளஜா மன்னர் 1787-இல் சாவதற்குச் சற்று முன் சரபோஜியைத் தத்தெடுத்தபோது, அது செல்லுமா செல்லாதா என்று பண்டிதர்களும் கம்பெனிக்காரர்களும் வருடக்கணக்கில் வழக்காடி, 1798-இல்தான் அவர் பட்டத்துக்கு வந்தார். சண்டை அத்தனையும் செல்லுபடி பற்றி. யார் பெற்ற பிள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இந்த முறையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடவும் முடியாது. பெரும்பாலும் ஆண் பிள்ளையைத்தான் எடுத்தார்கள். அதுவும் பங்காளி வீட்டில், சாதிக்குள், சொத்துக்கும் கொள்ளிக்கும். எதிர் வீட்டிலிருந்து யாரும் கைநீட்டாத பிள்ளைகள் அப்போதும் இருந்தார்கள்.

*

திருவண்ணாமலையின் இன்னொரு முகத்தை முன்பொரு கார்த்திகையில் பார்த்திருக்கிறேன். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். மாட வீதிகளில் அடுத்தடுத்து ஐந்து தேர்கள். அம்மன் தேரைப் பெண்கள் மட்டும் இழுப்பார்கள். கடைசியில் வரும் சண்டிகேசுவரர் தேர் குழந்தைகளுடையது. பெரிய தேர் போன அலுப்பில் கூட்டம் கலையத் தொடங்கும் நேரத்தில், கத்திக் கூச்சலிட்டுக்கொண்டு பிள்ளைகள் அந்தத் தேரை இழுத்து வருவார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள்தான் கரும்புத் தொட்டில்கள் போகும். முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, குழந்தையைக் கிடத்தி, முன்னால் அப்பாவும் பின்னால் அம்மாவுமாகத் தோளில் சுமந்து மாட வீதியைச் சுற்றுவார்கள். பிள்ளை வரம் கேட்டு, கிடைத்தவர்கள் செலுத்தும் நேர்த்திக்கடன். சிலர் இதையும் வல்லாளன் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பெற்றவர்களின் முகத்தை அங்கே பார்க்க வேண்டும். வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை அவர்களுக்கு. தூளிக்குள் இருப்பது பெற்ற பிள்ளையா தத்துப் பிள்ளையா என்று அந்த வீதியில் யாரும் கேட்பதில்லை. கரும்புக்கு அந்தக் கணக்குக் கிடையாது.

அந்தக் குழந்தைகள் இழுக்கும் தேரில் இருக்கும் சண்டிகேசுவரரும் தத்துப் பிள்ளைதான். சேய்ஞலூரில் விசாரசருமன் என்ற சிறுவன் மணலில் லிங்கம் பிடித்துப் பாலபிஷேகம் செய்ய, பாற்குடத்தை உதைத்த தகப்பனின் காலை அவன் வெட்டிவிடுகிறான். சிவன் தோன்றி, இனி உனக்கு நானே அப்பன் என்கிறார். பெரிய புராணம் சொல்லும் இந்தக் காட்சியைக் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தில் பார்த்திருப்பீர்கள். பையன் தலையில் சிவன் பூச்சரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரே கோயிலில் சிவன் ஒருவருக்கு வளர்ப்புத் தகப்பன், இன்னொருவருக்கு வளர்ப்பு மகன். கோயில் சொத்துக்கள் பலவும் சண்டேசுவரர் பெயரில்தான் வாங்கி விற்கப்பட்டன என்பதற்குச் சோழர் கல்வெட்டுகள் நிறைய. இன்றும் அவர் சன்னதியில் கையைத் தட்டி, எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் வருகிறோம். கணக்கையும் ஆவணத்தையும் அந்தத் தத்துப் பிள்ளையிடம் ஒப்படைத்திருக்கிறது சைவம்.

இதே மாவட்டத்துக்கு 2011-இல் இன்னொரு தொட்டிலும் வந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் ஜெயலலிதா அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அது. வளர்க்க முடியாதவர்கள் குழந்தையைக் கொல்ல வேண்டாம், அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம். யார் என்று கேட்கமாட்டார்கள். 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி என்று விரிந்து, 2011 மக்கள்தொகைக் கணக்கில் பெண் குழந்தைகளின் விகிதம் சரிந்திருந்ததைக் கண்டு கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கும் வந்தது. யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு. யாரும் கேட்காததால்தான் அவர்களில் பலருக்குப் பெற்றவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. சேலத்தின் முதல் தொட்டில் பிள்ளைகள் இப்போது முப்பதைத் தாண்டியிருப்பார்கள்.

நம் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒருமுறையாவது, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சீண்டி அழவிட்டிருக்கிறோம். பிறந்து பிறந்து சாகும் வீட்டில், தங்கும் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு படி தவிட்டுக்கு அதை அடுத்தவரிடம் விற்று வாங்கிய வழக்கத்தின் மிச்சம் அந்தக் கேலி. கேலி என்று தெரிந்ததும் பிள்ளை சிரித்துவிடும். பள்ளிக்கூடத்தில் எவனோ சொல்லி, பதினைந்து வயதில் அது உண்மை என்று தெரிந்துகொள்கிற பிள்ளையால் சிரிக்க முடியாது.

*

தாயைத் தேடி வரும் பிள்ளை என்ற கதையின் தலைகீழ் வடிவமும் இந்த ஊரில்தான் நடந்தது: காணாமல் போன பிள்ளை, தேடி வந்த தாய். 1896 ஆகஸ்டு 29, மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் கிளம்புகிறான். பெயர் வேங்கடராமன்; பின்னாளில் ரமணர். பெற்ற தகப்பனார் சுந்தரம் ஐயர் நான்கு வருடத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். விட்டுப் போன சீட்டில், தன் தகப்பனைத் தேடி அவர் ஆணைப்படி போவதாகவும், தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். கையெழுத்து இருக்கும் இடத்தில் ஒரு கோடு. கையில் மூன்று ரூபாய். அது தீர்ந்ததும் நடை. திருக்கோவிலூருக்குப் பக்கத்துக் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதரிடம் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். மீட்டுக்கொள்ள அவர் எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டை வழியிலேயே கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் ரயிலை விட்டு இறங்கினான்.

பிறகு அவன் பேசவில்லை. ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கம், அப்புறம் ஊருக்கு வெளியே குருமூர்த்தம். அங்கே தினம் வந்துபோன தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கர் வேங்கடராம ஐயர், பெயரும் ஊரும் தெரியாமல் இங்கிருந்து நகரமாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். அவர் பட்டினியைப் பார்க்கச் சகிக்காமல் பையன் தன் பெயரையும் பிறந்த ஊர் திருச்சுழி என்பதையும் எழுதினான். அப்படி ஓர் ஊரா என்று கணக்கர் திகைக்க, பக்கத்தில் கிடந்த பெரிய புராணத்தை எடுத்து, சுந்தரர் போன ஊர்களில் திருச்சுழி வரும் இடத்தைக் காட்டினான்.

எழுதிய அந்த இரண்டு சொல் கைமாறிக் கைமாறி மதுரை வரை போனது. 1898-இல் சித்தப்பா நெல்லையப்ப ஐயர் வந்து பார்த்தார். அந்த டிசம்பரில் அம்மா அழகம்மாள் மூத்த மகனோடு வந்தார். பவழக்குன்றில் சடைபிடித்த முடியும் கந்தலுமாக இருந்தவனைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார். தினமும் பலகாரம் செய்து எடுத்துப் போய்க் கெஞ்சினார். பார்த்துக்கொண்டிருந்த பச்சையப்ப பிள்ளைக்கே பொறுக்கவில்லை; பேசாவிட்டால் எழுதியாவது கொடுங்கள் என்று பென்சிலையும் தாளையும் நீட்டினார். நடக்க வேண்டியது நடந்தே தீரும், சும்மா இருப்பதே நல்லது என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார் மகன். அம்மா திரும்பிப் போனார். 1916-இல் மகனோடு இருக்கவே வந்துவிட்டார். 1922 மே 19-இல் இறந்தார். அவர் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

பவழக்குன்றின் படிகளில் உட்கார்ந்தபோது எனக்கு இதில் ஞானத்தைவிடத் தடயமே பெரிதாகத் தெரிந்தது. கையெழுத்தில்லாத கடிதம், கிழித்த சீட்டு என்று ஒவ்வொரு தடயமாக அழித்துக்கொண்டு வந்தவரையே, ஒரு பெயரும் ஓர் ஊரும் எழுதிய தாள் அம்மாவிடம் சேர்த்துவிட்டது. தத்துப் போனவர்கள் இல்லங்களின் வாசலில் போய் நின்று கேட்பதும் அந்த இரண்டு சொல்லைத்தான். அவர்கள் விஷயத்தில் சீட்டைக் கிழித்தது வேறு யாரோ.

அந்த வேறு யாரோவை நீதிமன்ற ஆவணங்களில் பார்க்கலாம். 1984-க்கு முன் வெளிநாட்டவர் இந்தியக் குழந்தையை இங்கே தத்தெடுக்கச் சட்டம் இல்லை. 1890-இன் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் காப்பாளராக உத்தரவு வாங்கி, குழந்தையை அழைத்துப் போய் அங்கே தத்தெடுத்தார்கள். லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று, நீதிபதி பகவதி 1984-இல் முறைகள் வகுத்தார். 1990-இல் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம், காரா, வந்தது. அதன் பிறகும் ஓட்டை அடைபடவில்லை. சென்னையில் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து குழந்தைகளைத் தூக்கி, பொய்ப் பத்திரம் தயாரித்து ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அனுப்பியது 2005-இல் அம்பலமானது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

திருவண்ணாமலை ஊருக்குள் டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது. டென்மார்க்கின் லுத்தரன் பாதிரிமார்கள் இந்தப் பகுதிக்கு வந்ததன் அடையாளம். அந்தப் பெயர்ப் பலகையைக் கடக்கும்போது, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு டென்மார்க்காரர் நினைவுக்கு வந்தார். 1970-களில் வறுமையால் சென்னைப் பகுதி இல்லம் ஒன்றில் விடப்பட்டு, டென்மார்க்குக்குத் தத்துப் போனவர். நாற்பது வருடம் கழித்துப் பழைய புகைப்படத்தை வைத்துத் தேடி, 2019-இல் தாயை வீடியோ அழைப்பில் பார்த்தார். அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது, மகனுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அழுதார்கள், நடுவில் இருந்தவர்கள் மொழிபெயர்த்தார்கள். அதே டென்மார்க்கில், வெளிநாட்டுத் தத்துக்கென்று மிஞ்சியிருந்த ஒரே நிறுவனம் 2024 ஜனவரியில் அந்த வேலையை நிறுத்துவதாக அறிவித்தது.

*

இந்த மாவட்டத்தில் செய்யாறு பக்கம் புரிசை என்ற கிராமம் இருக்கிறது. தெருக்கூத்து என்றதும் நினைவுக்கு வரும் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் ஊர். சுற்றுவட்டாரத்தில் பாரதக் கூத்து நடந்தால் கர்ண மோட்சம் விடிய விடிய ஓடும். அதில் போருக்குப் புறப்படும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி, பிறப்புத் தெரியாதவன் என்று ஏளனம் செய்யும் இடம் வரும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் அவளைத் திட்டித் தீர்ப்பார்கள்.

குந்தி கர்ணனிடம் வந்து நான்தான் உன் தாய் என்பதற்கு வில்லிபுத்தூரார் தன் பாரதத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறார். கர்ணனிடம் ஒரு தெய்வத் துகில் இருக்கிறது. தாயென்று சொல்லி வந்த பெண்கள் பலர் அதை உடுத்திச் சாம்பலாகியிருக்கிறார்கள். குந்தி உடுத்தியதும் அது எரியவில்லை. அங்க நாட்டு அரசனுக்குத் தாயாக எத்தனையோ பேர் வந்து நின்றிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் 1980-களில் இதுவே வேறு வகையில் நடந்தது. ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் சுமார் 11,000. ஒப்படைக்கும் நாளில் தாயாக நடிக்கவே பெண்களைக் கூலிக்கு வைத்திருந்தார்கள். நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை வெளிக்கொண்டுவந்ததும், 2017-இல் இலங்கை அமைச்சரே இப்படி நடந்ததை ஒப்புக்கொண்டார். பத்திரத்தில் இருந்த பெயரை நம்பி வந்து, அம்மா என்று கட்டிப்பிடித்து, பிறகு மரபணுச் சோதனையில் அவள் தாயில்லை என்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். பத்திரமே பொய்யானால் ரத்தம்தான் சாட்சி. கர்ணனின் துகிலுக்கு இந்தக் காலத்தில் எச்சில் எடுக்கும் பஞ்சுக் குச்சி.

குந்தியின் பக்கத்தையும் கூத்து விடுவதில்லை. கல்யாணத்துக்கு முன் பெற்றவள், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டவள், அவன் செத்த பிறகுதான் வாய்விட்டு அழ முடிந்தவள். இன்று தேடி வருகிறவர்களுக்கு எதிரே நிற்கும் பெரிய சங்கடமும் அவளே. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு பிரசவம் நடந்ததைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லாமல் வாழும் பெண்ணின் வாசலில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் நிருபரோடும் கேமராவோடும் போய் நின்றால் என்ன ஆகும்? அதனால்தான் இன்றைய தத்தெடுப்பு விதிகள், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்த தாயின் சம்மதம் இல்லாமல் விவரம் தரக்கூடாது என்கின்றன. நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் மறைவில், கொடுக்க வேண்டிய தாளையும் கொடுக்காமல் அடைகாக்கும் இல்லங்கள் உண்டு. புனேயில் 1973-இல் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த அருண் டோலே தன் கோப்பைப் பார்க்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தாயை அவர் சந்தித்தது 2010-இல். பிறகு மற்றவர்களின் தேடலுக்குத் துணை நிற்பதையே வேலையாக்கிக்கொண்டார்.

அன்றிரவு நான் நடந்த கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில், குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் கோயில் வரும். மூன்று வாசல், ஒன்றுக்கொன்று நேராக இல்லாத குறுகல் வழி. ஒருக்களித்துப் படுத்துத் தவழ்ந்துதான் வெளியே வர முடியும். பிள்ளை வரம் வேண்டியும் மறுபிறவி வேண்டாம் என்றும் நுழைகிறார்கள். கனத்த சரீரக்காரர் ஒருவர் நடுவில் சிக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து தள்ள அவர் மனைவி, வெளியே கையைப் பிடித்து இழுக்க முன்பின் தெரியாத இருவர். “மூச்ச உள்ள இழு மாமா,” என்று மனைவி போட்ட சத்தத்தில் வரிசையே சிரித்தது. வெளியே வந்தவர், இழுத்த இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றார்.

அந்த இரவு நடையில் எனக்குப் புரிந்தது இதுதான். தேடுகிறவர்களைப் பார்த்து, வளர்த்தவர்களுக்கு என்ன குறை வைத்தார்கள், ஏன் இந்த நன்றிகெட்டதனம் என்று கேட்கிறோம். வளர்த்த தகப்பனுக்குக் கௌதம நதிக்கரையில் திதி கொடுத்த அந்த விவசாயி, எதிர் வீட்டு அம்மாவை மறைத்துவைக்கவில்லை. ஒருத்திக்குப் பிறந்ததும் இன்னொருவர் வளர்த்ததும் ஒன்றையொன்று அழிக்கும் சங்கதிகள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தத்தில் குறையில்லை. அதை மறைவில் செய்து, தாளை ஒளித்து, பிள்ளையிடம் பொய் சொன்னதில்தான் குறை.

தேடிக் கிளம்புகிறவர்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் காராவிடம் தாங்களே விண்ணப்பிக்கலாம். வயது குறைந்தவர்கள் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். வேறொருவரை அனுப்பித் தேடுவதை விதிகள் ஏற்பதில்லை. இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு, ஒப்படைப்புப் பத்திரம், நீதிமன்ற உத்தரவு, பிரசவம் நடந்த மருத்துவமனைப் பதிவு, முதல் பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்றில் அழிக்கப்பட்ட பெயர் இன்னொன்றில் தப்பியிருக்கும். பொதுவாக ‘என் விவரம்’ என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஊர் தெரிந்துவிட்டால் நேரே வாசலுக்குப் போகாதீர்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர் மூலம், தனியாக, அவளுக்கு மட்டும் சேதி போகட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதையும் ஒரு பதிலாக வாங்கிக்கொள்ளும் தெம்போடு போங்கள். முடிந்தால் பக்கத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கட்டும்.

வளர்க்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. பிள்ளைக்குக் கதை புரியும் வயதிலேயே சொல்லிவிடுங்கள். இல்லம் கொடுத்த ஒவ்வொரு தாளையும், துணியையும், கையில் கட்டியிருந்த கயிற்றையும்கூடப் பிள்ளை பெயரில் பத்திரப்படுத்துங்கள். 60 நாளுக்குள் பெற்றவள் மனம் மாறலாம் என்று இன்றைய சட்டம் அவளுக்கு அவகாசம் தருகிறது. பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் அவகாசம் ஆயுள் முழுக்க உண்டு. அது கேட்கும் அன்று, அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.